அரசு மருத்துவமனைக்குப் போகிறீர்களா? ஓ.பி. சீட்டு முதல் டிஸ்சார்ஜ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

சென்ற ஆண்டு அப்பா வாசற்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்துபோனது. பக்கத்து நகரத்தில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 23 நாட்கள் அவருடன் தங்கினேன். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது கைத்தடி ஊன்றித் தெருமுனை வரை போய் வருகிறார். எங்கள் கையை விட்டுச் செலவானது பெரும்பாலும் சாப்பாட்டுக் காசும் பஸ் காசும்தான்.

அந்த நாட்களில் நான் பார்த்த ஒரு புதன்கிழமை மறக்கவில்லை. பகல் 11.45 மணி. ஓ.பி. கவுன்ட்டர் பக்கத்தில் ஒரு பாட்டி மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அவர் நீட்டிய பழைய சீட்டின் மூலையில் 'எம் 3' என்று பேனாவால் எழுதி வட்டம் போட்டிருந்தது. மூன்றாவது மெடிசின் (பொது மருத்துவ) யூனிட் என்று அர்த்தம். அந்த யூனிட்டுக்கு ஓ.பி. நாள் வெள்ளிக்கிழமை. சர்க்கரை மாத்திரை தீர்ந்து நான்கு நாள் ஆகிவிட்டது, நல்லவேளையாக அன்று உட்கார்ந்திருந்த டாக்டர் வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்த வட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையில் வைத்தியம் இருக்கிறது, மருந்து இருக்கிறது, நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கென்று ஒரு நேரமும் ஒரு காகிதக் கணக்கும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த மருத்துவமனைக்கு எதற்காக?

ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் தாலுகா மருத்துவமனை, பிறகு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நம் ஆட்கள் காய்ச்சல், இருமலுக்குக்கூட நேராக 'பெரியாஸ்பத்திரி'க்குப் போய்விடுகிறார்கள். யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு அங்கே அரை நாள் போய்விடும்.

பிரஷர், சர்க்கரைக்கு மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடக்க முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். அந்தப் பாட்டிக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பினேன்.

பெரிய மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கீழே பார்த்த டாக்டரிடம் ஒரு ரெஃபரல் சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லை. இருந்தாலும் இதுவரை என்ன பார்த்தார்கள், என்ன கொடுத்தார்கள் என்று அதில் நான்கு வரி இருந்தால் மேலே உள்ள டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

முதல் நாள் இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள், பட்டன் போட்டு மூடுகிற மாதிரி. ஆதார், குடும்ப அட்டை, மருத்துவக் காப்பீட்டு அட்டை மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று நகல் வையுங்கள். மருத்துவமனை வாசலில் ஜெராக்ஸ் கடை இருக்கும்தான், ஆனால் தேவைப்படும் நேரத்தில் அங்கே பத்துப் பேர் நிற்பார்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள், புதியது மேலே.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரைகளின் அட்டையையே எடுத்துப் போங்கள். 'வெள்ளையாக, சின்னதாக இருக்கும்' என்று சொன்னால் எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் முன் அது தெரிந்தாக வேண்டும்.

முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் நோயாளியோடு உட்கார. ரத்தப் பரிசோதனை இருக்கும் என்று தோன்றினால் வெறும் வயிற்றில் போய்விட்டு, டிபனைக் கையில் கட்டி எடுத்துச் செல்லலாம். ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு நெடுநேரம் வரிசையில் நிற்கக் கூடாது, அவர்கள் முதலிலேயே நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும்.

ஓ.பி. சீட்டு போடுவது

புறநோயாளிகள் பிரிவு பெரும்பாலும் காலை 7.30 மணிக்குத் தொடங்கி மதியம் 12 மணியோடு முடியும். ஏழு மணிக்கே வரிசை ஆரம்பித்துவிடும். ஏழரைக்குள் போய்ச் சேர்ந்தால் பரிசோதனையையும் அன்றே முடித்துவிடலாம். பத்தரைக்குப் போனால் டாக்டரைப் பார்க்கலாம், ஆனால் லேபில் ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்திருக்கும். மறுநாள் இன்னொரு பயணம்.

கவுன்ட்டரில் பெயர், வயது, ஊர், என்ன தொந்தரவு என்று கேட்பார்கள். பெயரையும் வயதையும் ஆதாரில் உள்ளபடியே சொல்லுங்கள். வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொன்னால் இன்று ஒன்றும் ஆகாது, நாளை காப்பீட்டில் அனுமதி கேட்கும்போது அந்த ஒரு எழுத்து வித்தியாசம் இரண்டு நாளைத் தின்றுவிடும். அப்பாவின் இனிஷியல் மாறிப்போய் நாங்கள் பட்ட பாடு இது.

தொந்தரவை ஒரே வரியில், சரியாகச் சொல்லுங்கள். 'கால் வலி' என்றால் எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்புவார்கள். 'சர்க்கரை இருக்கிறது, காலில் புண் ஆறவில்லை' என்றால் அது அறுவை சிகிச்சைப் பிரிவு. எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால் வாசல் அருகே உதவி மையத்தில் கேட்டுவிட்டு வரிசையில் நில்லுங்கள். சீட்டு கைக்கு வந்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருக்கும் எண்ணைத்தான் லேபிலும் எக்ஸ்ரேயிலும் மருந்துக் கவுன்ட்டரிலும் கேட்பார்கள்.

யூனிட் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மெடிசின், சர்ஜரி, ஆர்த்தோ போன்ற பெரிய பிரிவுகளைப் பல யூனிட்டுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு சீஃப், அவருக்குக் கீழே ஒரு குழு, ஒவ்வொன்றுக்கும் ஓ.பி. பார்க்கும் கிழமை தனி. முதல் தடவை எந்தக் கிழமையில் போகிறீர்களோ, அந்த யூனிட்டுக்கு நீங்கள் சேர்ந்துவிடுவீர்கள். அடுத்த தடவையும் அதே கிழமையில்தான் போக வேண்டும். சீட்டில் யூனிட் எண் எங்கே எழுதியிருக்கிறது, கிழமை எது என்று கேட்டு, வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

டாக்டர் முன்னால் உட்காரும் இரண்டு நிமிடம்

கூட்டம் அதிகம், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் வரிசையில் நிற்கும்போதே மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்: என்ன செய்கிறது, எத்தனை நாளாக, எப்போது கூடுகிறது, முன்பு என்ன ஆபரேஷன் நடந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது.

மேஜையைச் சுற்றி இளம் டாக்டர்கள் இருப்பார்கள். பயிற்சியில் இருக்கிற ஹவுஸ் சர்ஜன்கள், மேல்படிப்புப் படிக்கிற பி.ஜி. டாக்டர்கள். 'சின்னப் பசங்க பார்க்கிறாங்களே' என்று பயப்பட வேண்டாம். அவர்கள் பார்த்ததை மூத்தவர் ஒருவர் சரிபார்ப்பார். என் அனுபவத்தில் நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கடைசி வரை கேட்டவர்கள் அந்தச் சின்னப் பிள்ளைகள்தான். அப்பாவுக்கு ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்பதைக் கேட்டு, கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்புப் பேனாவால் எழுதி வைத்தது ஒரு ஹவுஸ் சர்ஜன் பெண்தான்.

எழுந்திருக்கும் முன் மூன்று கேள்விகள்: என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? இன்று என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்? மறுபடி எந்தத் தேதியில், எந்த அறைக்கு வரணும்? கேட்டால் சொல்வார்கள்.

பரிசோதனையும் மருந்தும்

சாதாரண ரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் ஓ.பி. சீட்டே போதும். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு வெளியில் வாங்குவதைவிடக் குறைவான கட்டணம் உண்டு, கட்டினால் ரசீது கட்டாயம் வாங்க வேண்டும். காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் பணம் கட்டும் முன்பே காப்பீட்டு மையத்தில் கேட்டுவிடுங்கள். ஸ்கேனுக்குத் தேதி தள்ளிக் கொடுத்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திரும்பிப் போய் 'இத்தனை நாள் பொறுக்கலாமா?' என்று கேளுங்கள். அவசரம் என்று அவர் ஒரு வார்த்தை எழுதினால் தேதி முன்னால் வரும்.

மருந்துக் கவுன்ட்டரில் தருகிற மாத்திரை பற்றிப் பலருக்கு ஒரு சந்தேகம் உண்டு. சும்மா கிடைக்கிறதே, வேலை செய்யுமா என்று. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக மருந்து வாங்கி, ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்த பிறகே மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது. இந்த முறையைப் பார்த்து மற்ற மாநிலங்களும் பின்பற்றின. கடையில் ஒரு கம்பெனிப் பெயரில் விற்கிற மருந்தும் இங்கே தருவதும் வேறு வேறு பெயராகத் தெரியும். அட்டையில் இருக்கும் வேதிப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள், 'மெட்ஃபார்மின்' என்றால் இரண்டிலும் அதேதான் இருக்கும்.

மாத்திரை வாங்கியதும் கவுன்ட்டரை விட்டு நகராமல் எண்ணிப் பாருங்கள். 1-0-1 என்றால் காலை ஒன்று, இரவு ஒன்று, மதியம் இல்லை. படிக்கத் தெரியாதவர்களுக்காக எங்கள் வார்டு நர்ஸ் ஒருவர் மருந்து உறையில் காலைக்குச் சூரியனும் இரவுக்கு நிலாவும் வரைந்து கொடுப்பார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் நீங்களும் இப்படிச் செய்யலாம்.

வெளியில் வாங்கச் சொல்லி மருந்து எழுதினால், 'இங்கே இருக்கிற மருந்தில் இதற்குப் பதிலாக எழுத முடியுமா டாக்டர்?' என்று கேட்கத் தயங்காதீர்கள். பல நேரம் முடியும்.

அவசரம் என்றால் ஓ.பி. வரிசை வேண்டாம்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கை கால் இழுத்துக்கொள்வது, வாய் கோணுவது, விபத்து, விஷம், பாம்புக்கடி: இவற்றுக்கு எந்த நேரமானாலும் நேராக அவசர சிகிச்சைப் பிரிவு. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் இலவசம். தமிழ்நாட்டில் 2008-லிருந்து ஓடுகிறது. எந்த மருத்துவமனையில் தேவையான வசதி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும் என்பதால் சொந்த வண்டியைவிட அது நல்லது.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். வந்ததும் ஒரு டாக்டரோ நர்ஸோ பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உயிருக்கு ஆபத்து, உடனே கவனிப்பார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவரை முன்னால் உள்ளே கொண்டு போனால் கோபப்படாதீர்கள். நீங்கள் காத்திருக்க முடிகிறது என்றால் உங்கள் ஆள் கொஞ்சம் பத்திரமாக இருக்கிறார் என்று பொருள்.

பக்கவாதம் என்று தோன்றினால், 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' என்பது டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த நேரம் உயிர்நாடி. விஷம் குடித்தவர் என்றால் அந்தப் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள். பாம்புக்கடிக்குக் கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்துக் கொண்டு போய்ச் சேருங்கள், பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நாய்க்கடி என்றால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுப் போக வேண்டும். ஊசி அரசு மருத்துவமனையில் இலவசம். முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். இரண்டு ஊசியோடு நிறுத்தி விடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன், தயவு செய்து நிறுத்தாதீர்கள். ரேபிஸ் வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி கிடையாது.

விபத்து, அடிதடி, தீக்காயம், விஷம் என்றால் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். ஏ.ஆர். என்பார்கள். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று நீங்கள் சொல்வதுதான் அதில் ஏறும், பிற்பாடு போலீஸ், இழப்பீடு எல்லாம் அந்த வரிகளை வைத்துத்தான். பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள், பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அது செல்லும்.

காப்பீட்டு அட்டை எதற்கு?

அரசு மருத்துவமனையே இலவசம்தானே, அட்டை எதற்கு என்று நானும் கேட்டவன்தான். அப்பாவின் தொடையில் வைத்த இம்பிளான்ட் அந்தத் திட்டத்தில்தான் வந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

நோய் வந்த பிறகு ஓடாதீர்கள், இந்த வாரமே எடுத்து வையுங்கள். அட்மிட் ஆனதும் அட்டை நகலை மருத்துவமனைக் காப்பீட்டு மையத்தில் கொடுத்துவிட வேண்டும். அனுமதி வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி முடிவாகும்.

வார்டில்

பாய், போர்வை, பிளாஸ்க், டம்ளர், சின்ன வாளி, சோப்பு, கொசுவர்த்தி எல்லாம் கொண்டு போங்கள். துணைக்கு ஒருவர்தான், அதற்குப் பாஸ் தருவார்கள். மற்றவர்கள் மாலைப் பார்வை நேரத்தில் வரலாம். நோயாளிக்குச் சாப்பாடு அங்கேயே உண்டு.

நாளின் முக்கியமான நேரம், டாக்டர்கள் கட்டில் கட்டிலாகப் பார்த்து வரும் காலை ரவுண்ட்ஸ். அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விட்டால் அன்றைக்கு எந்தத் தகவலும் கிடைக்காது. எட்டு மணிக்கெல்லாம் கட்டில் பக்கத்தில் இருங்கள். கேட்க வேண்டியதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருங்கள். சீஃப் முன்னால் கேட்கத் தயக்கமாக இருந்தால், ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு டியூட்டி டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

ரத்த மாதிரி டியூப்பை உங்கள் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டு போகச் சொல்லலாம். ஒட்டியிருக்கும் பெயரையும் ஐ.பி. (உள்நோயாளி) எண்ணையும் ஒரு முறை படித்துப் பாருங்கள். ஊதா மூடி டியூப் ஒன்று, சிவப்பு மூடி ஒன்று என்று இருக்கும், இரண்டும் வேறு வேறு பரிசோதனைக்கு. நான் ஒரு தடவை பக்கத்துக் கட்டில்காரரின் டியூப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன், பாதி வழியில் பெயரைப் பார்த்துத் திரும்பி ஓடினேன்.

படுத்தே இருக்கிறவர்களுக்கு முதுகில் புண் வராமல் பார்ப்பது துணைக்கு இருப்பவரின் பெரிய வேலை. நாற்பது கட்டில் இருக்கும் வார்டில் இரவு இரண்டே சிஸ்டர்கள், அவர்களால் எல்லோரையும் புரட்டிவிட முடியாது. எப்படிப் புரட்டுவது என்று அவர்களிடம் முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள். நான் செல்போனில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அலாரம் வைத்து அப்பாவின் முதுகுக்குக் கீழே தலையணையை மாற்றுவேன். புண் வரவில்லை.

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், என்ன ஆபரேஷன், என்ன மயக்க மருந்து, என்ன ஆபத்து என்று தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கு

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பப் பதிவு எண்ணை, வாங்கிவிடுங்கள். 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்பை அவர்களே பதிவு செய்வார்கள். பெற்றோர் பெயரின் எழுத்தை மட்டும் எழுதும்போதே சரிபாருங்கள், பிறகு திருத்துவது பெரிய வேலை. டிஸ்சார்ஜ் ஆகும் தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டு விட 102 வண்டி உண்டு, அதற்கும் காசு இல்லை.

யாராவது காசு கேட்டால்

கேட்பார்கள் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஸ்கேன் அறைக்கு அப்பாவை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போக ஒருவர் என்னிடம் நூறு ரூபாய் கேட்டார். வலியில் அவர் முனகிக்கொண்டிருக்கும்போது வாதாட மனம் வராமல் கொடுத்துவிட்டேன். இன்றைக்கும் அது உறுத்துகிறது, எனக்குப் பின்னால் நின்றவரிடம் நூறு ரூபாய் இருந்திருக்காது.

மறுநாள் நிலைய மருத்துவ அலுவலர் அறைக்குப் போய்ச் சொன்னேன். ஆர்.எம்.ஓ. என்று பலகை இருக்கும், மருத்துவமனை நிர்வாகம் அவர் கையில்தான். என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த வார்டில் என்று ஒரு தாளில் எழுதிக் கேட்டார், கொடுத்தேன். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் யாரும் கேட்கவில்லை. அங்கே முடியாவிட்டால் 104 சுகாதார உதவி எண், முதல்வரின் உதவி மையம் 1100. எங்கே சொன்னாலும் தேதி, நேரம், இடம் இருந்தால்தான் புகார் நிற்கும். திட்டிக் கத்துவதால் பயனில்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது பெரும்பாலும் காசு கேட்ட மனிதராக இருக்காது, பதினாறு மணி நேரமாக வேலை பார்க்கிற ஏதோ ஒரு பி.ஜி. டாக்டராக இருப்பார்.

டிஸ்சார்ஜ் அன்று

வீட்டுக்குப் போகும் சந்தோஷத்தில் அவசரப்படாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெயர், ஐ.பி. எண், நோயின் பெயர், செய்த ஆபரேஷன், மருந்து, ரிவ்யூ தேதி (மறுபடி காட்ட வர வேண்டிய நாள்) ஆகிய ஆறும் இருக்கிறதா என்று வார்டிலேயே நின்று படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் சிஸ்டரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். நாமாகவே கேட்டுப் போவதாக இருந்தால் 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். அதன் பொருள் புரிந்து போடுங்கள்.

எக்ஸ்ரே படங்களையும் ஸ்கேன் படங்களையும் கேட்டு வாங்குங்கள். தையல் எப்போது பிரிக்க வேண்டும், எப்போது குளிக்கலாம், எத்தனை நாளில் காலை ஊன்றலாம், எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு 'காய்ச்சல், தையலில் நீர், கெண்டைக்கால் வீக்கம்: மூன்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் வா' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஃபைல் எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. அப்பாவின் அடுத்த ரிவ்யூ செவ்வாய்க்கிழமை, ஆர்த்தோ இரண்டாவது யூனிட். ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழே காலுக்கு வரிசையில் இருப்போம்.